மாதுளை பூத்தது, காய் எங்கே? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதுளை வைத்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். செடி கொள்ளையாகப் பூத்தது, செக்கச்செவேலென்று அழகாகவும் இருந்தது, ஒரே வாரத்தில் எல்லாம் தரையில். உரம் போதவில்லையா, தண்ணீர் அதிகமாகிவிட்டதா, யாராவது கண் வைத்துவிட்டார்களா? பெரும்பாலும் இவை எதுவுமே இல்லை. உதிர்ந்தவை காயாகவே முடியாத பூக்கள். மாதுளையில் ஒரு பழத்தின் தலையெழுத்து பூ விரியும்போதே முக்கால்வாசி எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரை பூவில்தான் அதிக நேரம் நிற்கும், உரக் கணக்கைச் சீக்கிரம் கடந்துவிடும்.

இங்கே சொல்லும் மாதங்கள் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு, அதிலும் கோவை, திருப்பூர், திண்டுக்கல் மாதிரியான வறண்ட பக்கங்களுக்குப் பொருந்தும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் மாதுளை காய்க்கும், ஆனால் ஈரக்காற்றில் நோயோடு கூடுதலாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

செடி வாங்கும்போது

பழக்கடை மாதுளையின் விதையைப் போட்டாலும் முளைக்கும். ஆனால் தாய்ப் பழம் போலவே காய்க்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, காய்ப்புக்கும் அதிக நாள் காத்திருக்க வேண்டும். குச்சி நட்டோ பதியன் போட்டோ தயாரித்த கன்றை வாங்குங்கள். வீட்டுக்கு இரண்டு வகைகள் போதும். ஒன்று கணேஷ். புனேயின் கணேஷ்கிண்ட் பழத்தோட்டத்தில் தோட்டக்கலை நிபுணர் ஜி. எஸ். சீமா 1936இல் தேர்ந்தெடுத்த வகை. தோல் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக இருக்கும், விதை மெத்தென்று கடிபடும். இன்னொன்று பக்வா, இன்று கடையில் சிவக்கச் சிவக்க அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் இதுதான். நம் ஊரிலேயே உருவான கோ 1, ஏற்காடு 1 கிடைத்தாலும் தாராளமாக வைக்கலாம்.

தொட்டியில் வைப்பதானால் 50 லிட்டராவது மண் பிடிக்கும் டிரம் வேண்டும். வெயில் ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நிழலில் நிற்கும் மாதுளை இலையாகவே வளரும். அப்புறம், முதல் இரண்டு வருஷம் வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் பென்சில் பருமனுள்ள கிளையில் ஒரு பழத்தைத் தொங்கவிட்டால் கிளை வளைந்து கோணலாகிவிடும், செடியின் வளர்ச்சியும் நின்றுபோகும்.

முதல் படி: செடிக்கு ஓய்வு கொடுப்பது

குளிர் நாடுகளில் மாதுளை பனிக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும், வசந்தத்தில் ஒரே மூச்சில் பூக்கும். நம் ஊரில் அதற்கு உறக்கமே கிடையாது. வருஷம் முழுக்க இங்கே நான்கு, அங்கே மூன்று என்று பூத்துக்கொண்டே இருக்கும், எதிலும் முழு பலம் இராது. ஆகவே ஓய்வை நாம்தான் கொடுக்க வேண்டும்.

மகாராஷ்டிர விவசாயிகள் இதைப் பெரிய கலையாகவே வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் அதிகம் மாதுளை விளைவது அங்கேதான், தேசிய மாதுளை ஆராய்ச்சி மையமும் சோலாப்பூரில்தான் இருக்கிறது. அங்கே பூக்கும் பருவத்தை 'பஹார்' என்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் பூப்பது ஆம்பே பஹார், ஜூன், ஜூலையில் பூப்பது மிருக் பஹார், செப்டம்பர், அக்டோபரில் பூப்பது ஹஸ்த பஹார். எந்தப் பருவம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே தண்ணீரை நிறுத்தி இலையை உதிர வைப்பார்கள்.

நமக்கு வசதியானது முதல் பருவத்தை ஒட்டி வருவது. வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் கடைசியில் தண்ணீரைக் குறையுங்கள். தரையில் நிற்கும் செடி என்றால் மூன்று நான்கு வாரம் அப்படியே விடலாம். தொட்டிச் செடிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, இலை வெளிறிப் பாதி உதிரும்வரை மட்டும் காயப்போடுங்கள், கிளை சுருங்க விடக் கூடாது. தோட்டக்காரர்கள் இலை உதிர்க்க எத்திஃபான் என்ற ரசாயனத்தைத் தெளிப்பார்கள். ஒன்றிரண்டு செடி வைத்திருப்பவர்களுக்கு அந்த வம்பு வேண்டாம்.

இலை உதிர்ந்ததும் கவாத்து. அடியிலிருந்து கிளம்பும் போத்துகளையும், காய்ந்த குச்சிகளையும், ஒன்றையொன்று உரசும் கிளைகளையும் எடுத்துவிட்டு, மூன்று நான்கு தண்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷக் கிளைகளின் நுனியை ஒரு சாண் அளவுக்குள் வெட்டினால் போதும். பூ வருவது புதுத் தளிரின் நுனியிலும், முதிர்ந்த கிளையில் இருக்கும் குட்டைக் குச்சிகளிலும். மொட்டை அடிக்கிற மாதிரி வெட்டினால் அந்த வருஷம் தளிர்தான் மிஞ்சும்.

இரண்டாம் படி: உரமும் முதல் தண்ணீரும்

ஜனவரி பாதிக்கு மேல் தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, தரைச் செடிக்கு 10 முதல் 20 கிலோ மக்கிய தொழு உரம், இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கு. டிரம்முக்கு அதில் நாலில் ஒரு பங்கு. பிறகு தண்ணீரை முதல் நாளே வெள்ளமாக விடாமல், இரண்டு மூன்று தடவையாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து நாளில் செப்பு நிறத் தளிர் தள்ளும். யூரியா போடலாமா என்று கேட்பார்கள். இந்த நேரத்தில் தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் வரும், சும்மா இருப்பதே மேல்.

மூன்றாம் படி: பூவைப் பிரித்துப் பார்ப்பது

மொட்டு கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து விரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். பிப்ரவரி, மார்ச்சில் செடியடியில் உட்கார்ந்து, உதிர்ந்த பூ ஒன்றையும் செடியில் நிற்கும் பூ ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பூ போனால் போகட்டும். சவர பிளேடால் இரண்டையும் காம்பிலிருந்து மேல்நோக்கி நீளவாக்கில் பிளந்து பாருங்கள்.

உதிர்ந்த பூ மணி வடிவத்தில் இருக்கும். வாய் அகலம், அடி குறுகிக் காம்போடு ஒன்றாகிவிட்டிருக்கும். உள்ளே மஞ்சள் மகரந்தத் தலைகள் நிறைய. நடுவில் இருக்க வேண்டிய சூல்தண்டோ குட்டையாக, மகரந்தக் காட்டுக்குள் அடியில் ஒளிந்திருக்கும். சில பூக்களில் அது இருப்பதே தெரியாது. அதன் கீழே சூல்பை பேருக்குத்தான் இருக்கும். இது ஆண் பூ. எவ்வளவு உரம் போட்டாலும் இது காயாகாது.

இன்னொரு பூ குடுவை வடிவம். அடி பருத்து, கொஞ்சம் இடுப்பு இறங்கி, மறுபடி மேலே விரியும். பிளந்தால் சூல்தண்டு தடிப்பாக நேரே எழும்பி, அதன் முனை மகரந்தத் தலைகளுக்குச் சமமாகவோ அவற்றைத் தாண்டியோ நிற்கும். கீழே சூல்பைக்குள் கடுகைவிடச் சின்ன வெள்ளை மணிகள் அடுக்கடுக்காக இருக்கும். பிற்காலத்து முத்துகள் அவைதான். மகரந்தம் சேர்ந்து கருவான ஒவ்வொரு வெள்ளை மணியும் ஒரு முத்து.

இரண்டுக்கும் நடுவே ஒரு ரகம் உண்டு. சூல்தண்டு நடுத்தர உயரம், அடி அரைகுறையாகப் பருத்திருக்கும். இது சில சமயம் பிடிக்கும், ஆனால் பழம் ஒரு பக்கம் சப்பையாகவோ சின்னதாகவோ வரும்.

நான்கைந்து பூவைப் பிளந்து பார்த்துவிட்டால் அப்புறம் பிளேடு தேவைப்படாது. மொட்டிலேயே அடியைப் பார்த்துக் காய்ப் பூவா ஆண் பூவா என்று சொல்லிவிடுவீர்கள். ஒரு செடியில் பாதிக்கும் மேல் ஆண் பூவாக இருப்பது சர்வ சாதாரணம். பருவத்தின் முதல் அலையில் காய்ப் பூ அதிகம் இருக்கும், போகப்போக ஆண் பூதான் மிகும். ஆகவே முதலில் வருவதை விட்டுவிடாதீர்கள். முதல் அலையில் பிடித்த காய்தான் பருமனாகவும் வரும்.

ஆண் பூ வீண் என்று கிள்ளி எறிய வேண்டியதில்லை. மகரந்தம் அதில்தான் தாராளம். மாதுளை தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் அதைச் சுமந்து போக ஆள் வேண்டும். தேனீ வரும் தோட்டத்தில் கவலை இல்லை. நாலாவது மாடி மொட்டைமாடி என்றால், காலை வெயில் ஏறியதும் ஒரு மெல்லிய தூரிகையால் ஆண் பூவின் மஞ்சள் பொடியைத் தொட்டுக் காய்ப் பூவின் நடு முனையில் தடவுங்கள். பூ விரிந்த முதல் இரண்டு நாள் நல்ல நேரம். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து எதுவும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூடச் சாயங்காலத்துக்கு மேல்தான்.

நான்காம் படி: பிஞ்சு நின்றதா என்று பார்ப்பது

இதழ்கள் கசங்கிய பட்டுத்துணி மாதிரிதான் விரியும், சில நாளில் உதிர்ந்தும் போகும். இதழ் உதிர்வது பூ உதிர்வது அல்ல. புதியவர்கள் இங்கேதான் பதறுகிறார்கள். இதழ் போன பிறகு அந்தத் தடித்த சிவப்பு உறை காம்போடு கெட்டியாக நின்று, அடி உருளத் தொடங்கினால் காய் பிடித்துவிட்டது. காம்பு மஞ்சளித்து, விரல் பட்டதும் கையோடு வந்தால் பிடிக்கவில்லை.

மாதுளையில் பூவின் அடிப்பாகம்தான் பழமாகிறது. மேலே இருந்த உறை விழாமல் கடைசிவரை கிரீடமாக நிற்கும். கடையில் வாங்கிய பழத்தின் கிரீடத்துக்குள் பாருங்கள், காய்ந்த நூல் நூலாக இருப்பவை பழைய மகரந்தத் தண்டுகள். இந்தக் கிரீடக் கிண்ணம் பின்னால் பெரிய தொல்லை கொடுக்கும், அதற்கு வருவோம்.

பிடித்த பிறகும் முதல் சில வாரத்தில் கொஞ்சம் பிஞ்சு கொட்டும், செடி தன்னால் சுமக்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். மீதியில் நாம் கை வைக்க வேண்டும். ஒரே நுனியில் இரண்டு மூன்று பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால், பெரியதை வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காய்களில் புழு ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சுலபமாகப் போய்விடும். டிரம் செடியின் முதல் காய்ப்புக்கு நான்கைந்து பழம் போதும்.

ஐந்தாம் படி: காய்க்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது

வெளியே பார்த்தால் மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சிவப்பாக இருந்த பிஞ்சு பச்சையாக மாறும். உடனே நோய் என்று நினைத்து மருந்து தேடாதீர்கள். மாதுளைத் தோலின் வழி அது: சிவப்பு, பச்சை, வெளிர்மஞ்சள், கடைசியில் அந்தந்த வகைக்குரிய நிறம்.

உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது. கருவான ஒவ்வொரு விதையின் தோலிலும் வெளி வரிசைச் செல்கள் நாலாபக்கமும் நீண்டு சாற்றால் நிரம்புகின்றன. நாம் சாப்பிடும் முத்து என்பது விதையின் வெளித்தோல்தான், மாம்பழத்தில் போலத் தனிச் சதை எதுவும் இதில் கிடையாது. விதைத்தோலின் உள்பக்கம் இறுகிப் பருப்பைச் சுற்றி ஓடாகிறது. அந்த ஓடு எவ்வளவு இறுகுகிறது என்பதில்தான் மெத்தென்ற விதை, கல் மாதிரி விதை என்ற வித்தியாசம் எல்லாம். அது வகையைப் பொறுத்தது, உரத்தால் மாறாது.

இரண்டு மாதத்துக் காயை அறுத்தால் முத்துகள் வெள்ளையாக, துவர்ப்பும் புளிப்புமாக இருக்கும். அப்புறம்தான் நிறம் ஏறும், சர்க்கரை கூடும், புளிப்பு இறங்கும். தோல் சிவந்தால் முத்தும் சிவந்திருக்கும் என்று கணக்குப் போட முடியாது, இரண்டும் தனித்தனி. கடும் வெயில் மாதங்களில் பழுக்கும் பழத்தில் முத்தின் சிவப்பு கொஞ்சம் மங்கும். ஜூலையில் உங்கள் வீட்டுப் பக்வா கடைப் பழத்தைவிட வெளிறி இருந்தால் கன்று கொடுத்தவரோடு சண்டைக்குப் போக வேண்டாம், கோடையில் பழுத்ததுதான் காரணமாக இருக்கும்.

அறைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழத்தைக் காம்புப் பக்கம் குறுக்கே அறுத்தால் சுமார் மூன்று அறைகள், முத்துகள் நடுவிலிருந்து கிளம்பும். கிரீடப் பக்கம் அறுத்தால் ஐந்து முதல் ஒன்பது அறைகள், முத்துகள் சுவரோடு ஒட்டியிருக்கும். பூவில் வட்டத்துக்குள் வட்டமாக இருந்த அறைகள் வளரும்போது ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, இரண்டு மாடியாகிவிடுகின்றன. மாதுளையை உரிக்கும்போது எங்கே தொட்டாலும் ஒரு சவ்வு குறுக்கே வருவது இதனால்தான்.

ஆறாம் படி: தண்ணீரைச் சீராக வைப்பது

ஏப்ரலிலிருந்து பறிக்கும்வரை செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை இதுதான். மண் காய்ந்து கிடக்கும்போது தோல் வளர்ச்சி மந்தமாகி, இறுகிவிடும். அந்த நேரம் ஒரு கோடை மழை கொட்டினாலோ, ஊருக்குப் போய்விட்டு வந்து மனசாட்சி உறுத்தி மூன்று குடம் தண்ணீர் ஊற்றினாலோ, முத்துகள் குடித்து வீங்கும், தோல் இடம் கொடுக்காமல் வெடிக்கும். வெடித்த காயை ஒட்ட வைக்க மருந்து இல்லை.

தரைச் செடிக்குச் சொட்டுநீர் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் வாரம் இரண்டு தடவை, எப்போதும் ஒரே அளவு. டிரம் செடிக்குக் கோடையில் தினமும் காலையில். தூரைச் சுற்றி காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டில் மட்டும் ஒட்டக் கூடாது. போரான் குறைந்தாலும் வெடிப்பு வரும். பிஞ்சுப் பருவத்தில் ஒரு லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்து மாலையில் ஒரு தடவை தெளிக்கலாம். கூடுதலாகப் போட்டால் இலை கருகும், கரண்டியால் அள்ளிப் போடாதீர்கள், எடைபோட்டு எடுங்கள்.

மேற்கு வெயில் நேரே படும் காய்களில் ஒரு பக்கம் பழுப்புத் தழும்பு விழும். அந்தப் பக்கத்து இலைகளைக் கிள்ளாமல் விடுவதும், காய்க்குத் துணி கட்டுவதும்தான் வழி.

ஏழாம் படி: கிரீடத்தைக் காவல் காப்பது

மாதுளைக்கென்றே ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. பூவிலும், பிஞ்சின் கிரீடத்திலும், தோலிலும் ஒற்றை ஒற்றையாக முட்டையிடும். புழு துளைத்து உள்ளே போய் முத்துகளைத் தின்னும், துளை வழியாகக் கழிவு வழியும், கிட்டே போனால் நாற்றம் வரும். உள்ளே போன புழுவை மருந்து எட்டாது. காய் எலுமிச்சை அளவு வந்ததும், கிரீடத்துக்குள் இருக்கும் காய்ந்த மகரந்தத் தண்டுகளை ஒரு பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்துவிட்டு, வெண்ணெய்த்தாள் பையோ பழைய வேட்டித் துணியோ சுற்றிக் காம்பில் கட்டிவிடுங்கள். துளை விழுந்த காயைப் பறித்து நசுக்கிப் புதைத்துவிட வேண்டும், செடியடியில் போடக் கூடாது. அணிலுக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை, அதற்குக் கம்பி வலைதான்.

மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும்.

பாக்டீரியா கருகல் மட்டும் வேறு ரகம். இலையில் எண்ணெய் பட்ட மாதிரிப் புள்ளிகள், காயில் கறுப்புத் திட்டும் கோணல்மாணலான வெடிப்பும். மகாராஷ்டிரத்தில் தோட்டம் தோட்டமாக அழித்த நோய் இது, அங்கே 'தேல்யா' என்பார்கள். ஈரமும் மழையும் இதைப் பரப்பும். பட்ட கிளையை வெட்டி எரியுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள், இலை நனையும்படி தண்ணீர் தெளிக்காதீர்கள். கன்று வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மலிவு.

எட்டாம் படி: பறிப்பது

பூ விரிந்ததிலிருந்து கணேஷுக்கு ஐந்து மாதம், பக்வாவுக்கு ஆறு மாதம் வரை ஆகலாம். பிப்ரவரிப் பூ ஜூலை, ஆகஸ்டில் பழம். நாளை மட்டும் நம்பாமல் பழத்தைப் பாருங்கள். உருண்டையாக இருந்த காய் பக்கங்களில் தட்டையாகி, விளிம்பு தட்டுப்படும். தோலின் பளபளப்பு போய்ச் சற்றுச் சொரசொரக்கும். கிரீடத்தின் இதழ்கள் காய்ந்து உள்பக்கமாக மடங்கும். விரலால் சுண்டினால் கணீரென்று உலோகம் மாதிரி சத்தம் வரும். இந்த நான்கு அடையாளங்களில் மூன்று பொருந்தினாலே பறிக்கலாம்.

அவசரப்பட்டுப் பறித்துவிட்டு, மாங்காயைப் போல அரிசிப் பானைக்குள் வைத்துக் காத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். மாதுளை செடியை விட்டு வந்த பிறகு பழுப்பதில்லை, பறித்த அன்று என்ன இனிப்போ அதுதான். ரொம்பவும் விட்டால் வெடிக்கும், பக்வாவில் முத்து பழுப்பாகிச் சப்பென்றும் ஆகும். கையால் திருகினால் காம்புப் பக்கம் தோல் கிழியும், கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுங்கள். தூக்கிப் பார்க்கும்போது அளவுக்குத் தக்க கனம் இல்லாத பழத்தை முதலில் அறுத்துப் பாருங்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கறுத்திருக்கும். பூவாக இருந்தபோது கிரீடம் வழியாக நுழைந்த பூஞ்சையின் வேலை.

நல்ல பழம் வெளியில் இரண்டு வாரம் தாங்கும், தோல் மட்டும் காய்ந்து வரும். ஃபிரிட்ஜின் காய்கறி அறையில் பையில் போட்டு வைத்தால் இன்னும் பல வாரம் இருக்கும்.

பறித்து முடித்த கையோடு செடியில் காய்ந்து தொங்கும் கறுப்புக் காய்களை எல்லாம் எடுத்து எரித்துவிடுங்கள், அடுத்த வருஷத்துப் புழுவும் பூஞ்சையும் அவற்றில்தான் இருக்கும். ஒரு கூடை தொழு உரம் போட்டு, மழைக்காலம் முழுக்கத் தழைக்க விடுங்கள். இடையில் வரும் உதிரிப் பூக்களைக் கிள்ளிக்கொண்டே வந்தால், டிசம்பர் கடைசியில் மறுபடி தண்ணீரைக் குறைக்கும்போது செடியில் தெம்பு இருக்கும்.